தொண்ணூற்று மூன்று மார்க் கேமராவும் என் முகமும்

எங்கள் பள்ளி அலுவலகத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் நடைவழியில் முன்னாள் தலைமையாசிரியர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பணி ஓய்வு பெறுகிறவர் தன் படம் ஒன்றைக் கொடுப்பார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதற்குச் சட்டம் போட்டு மாட்டிவிடும். அதோடு அவர் கதை முடிந்தது. அவர் என்ன செய்தார், எப்படிப் பாடம் நடத்தினார் என்பதெல்லாம் கொஞ்ச காலத்தில் மறந்துபோகும். படம் மட்டும் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயர் அழியவே அழியாது.

சிவசம்பு சாரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவரிடம் வேலை பழகியவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பள்ளியைக் காத்தவர். செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்த பையன்களை மோட்டார் சைக்கிளில் போய்ப் பிடித்துவந்தவர். படமெடுத்த நொடியில் கண்ணைச் சிமிட்டிவிட்டார். இன்றைக்கு அவர் ‘தூங்குமூஞ்சி சார்’. அடுத்து வந்த கனகராஜ் சாரின் மூக்குக்கண்ணாடியில் ஃப்ளாஷ் பட்டு இரண்டு கண்ணும் வெள்ளை வட்டம். அவர் ‘டார்ச்லைட் சார்’. சரோஜினி டீச்சர், பாவம், பாஸ்போர்ட் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புகையாகிவிட்டது. பூனைக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாத அந்த அம்மா இப்போது ‘ஆவி டீச்சர்’. அவரைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போக முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் துணைக்கு ஆள் தேடுகிறார்கள்.

நான்காவது ஆணி எனக்கு. என் பெயர் சுபத்திரா. ஜொகூரில் சாஆ என்ற சிற்றூரில் இருக்கும் இந்தத் தமிழ்ப் பள்ளியில் கடைசியாகத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வூதியம் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்ற கவலையும் இல்லை. பிள்ளைகள் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதுதான் ஒரே கவலை. நல்ல படம் ஒன்று வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கேட்டது என் கணவரின் காதில் விழுந்துவிட்டது.

ஸ்ரீதரன் எங்கள் வீடு இருக்கும் பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். துணியைத் துவைத்து, தேய்த்து, இழுத்து, கிழித்து, சாயம் எவ்வளவு போகிறது என்று எண் போடுவது அவர் வேலை. வேலை ஒரு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, பழக்கம் முடியவில்லை. நான் புதுச் சேலை வாங்கினால் முந்தானையை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உடுத்த விடுவார். வீட்டு அரிசிக் குக்கர், மின்விசிறி, கால்மிதி எல்லாமே எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் மார்க் வாங்கிவிட்டு வந்தவை. என்னை மட்டும்தான் அவர் மார்க் பார்க்காமல் கட்டிக்கொண்டார். அதுவும் அவருடைய அப்பா அவசரப்படுத்தியதால்.

“படம் நல்லா வரணும்னா கேமரா நல்லா இருக்கணும்,” என்றார். “நான் பாத்துக்கறேன்.”

அதன் பிறகு அவர் கணினியை விட்டு எழுந்ததை நான் பார்க்கவில்லை. கேமராக்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்து மார்க் போடுகிற இணையத்தளங்கள் இருக்கின்றனவாம். இருட்டில் எவ்வளவு தெரியும், நிறம் எவ்வளவு சரி, ஓரம் எவ்வளவு கூர்மை, எல்லாவற்றுக்கும் மார்க். கடைசியில் இரண்டு கேமராக்கள் மிஞ்சின. ஒன்று தொண்ணூற்று மூன்று, இன்னொன்று எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு கைக்கு அடக்கமாக, தூக்குவதற்கு லேசாக இருந்தது. நான் அதுதான் அழகாக இருக்கிறது என்றேன். தோற்றுப்போன பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

“மனுச கண்ண நம்பக் கூடாது சுபா. காலைல நல்லாருக்குன்னு சொல்லும், சாயங்காலம் நல்லால்லன்னு சொல்லும். மெஷின் அப்படி மாத்திப் பேசாது.”

ஜொகூர் பாருவுக்குப் போய்த் தொண்ணூற்று மூன்றை வாங்கி வந்தார். அது ஒரு கைக்குழந்தையின் எடை இருந்தது.

மார்க் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. காலமெல்லாம் மார்க் போட்டே வாழ்ந்தவள் நான். ஆறாம் ஆண்டுத் தேர்வை அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெற்றோர் மட்டும் மார்க் கேட்பதை நிறுத்தவில்லை. கணக்கில் நூறு வாங்கிய பெண்ணுக்குக் கேன்டீனில் மீதிக் காசைச் சரிபார்க்கத் தெரியாமல் நான் போய் நின்றிருக்கிறேன். இதைச் சொன்னால் ஸ்ரீதரன், “அது உங்க கேள்வித்தாள் சரியில்ல,” என்பார். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

பள்ளியில் இன்னொருவன் காத்திருந்தான். ரூபேந்திரன். எங்கள் உடற்கல்வி ஆசிரியன், ஒரு காலத்தில் என் மாணவன். பள்ளி விழாக்களில் படமெடுப்பது அவன்தான். வார இறுதியில் கல்யாணங்களுக்கும் எடுப்பான். அவனுடைய கேமரா மிகப் பழையது. பேட்டரி மூடி உடைந்துபோய் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பான். நாய் வளர்ப்பவர்கள் நாயைப் பற்றிப் பேசுவது போல அதைப் பற்றிப் பேசுவான்.

ஸ்ரீதரன் ஒருநாள் புதுக் கேமராவோடு கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்தார். ரூபேந்திரன் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். நான் நடுவில் மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அங்கிள், இது எவ்ளோ மார்க்?”

“தொண்ணூத்தி மூணு. ஒன்னோட மாடலப் பாத்தேன் தம்பி. அறுபத்தி ஒண்ணு.”

ரூபேந்திரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அந்த லேப்காரன் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கானா அங்கிள்? இது ஆயர் ஈத்தாம்ல ஒரு கல்யாணத்துல சாக்கடைல விழுந்துச்சு. எடுத்துத் தொடச்சு, அன்னிக்கே ரிசப்ஷன் முழுக்க எடுத்தேன். அதுக்கு எவ்ளோ மார்க் போடுவான்?”

“சாக்கடைல போட்டுப் பாக்கறது ஒரு டெஸ்ட்டா?”

“மார்க்கப் பாத்து கேமரா வாங்கறது, மெனுவப் படிச்சிட்டு வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்ற மாதிரி லா. கைல புடிக்கணும். ஃபீல் வரணும். அனுபவம் வேணும்.”

“அனுபவம்னு ஒரு யூனிட் இல்ல,” என்றார் என் கணவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் படத்தை யார் எடுப்பது என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். என் முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அதுவரை எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு பேரும் எடுங்கள், நல்லது எதுவோ அது சுவருக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். கேன்டீனில் சமைக்கும் செல்லம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் ரூபேந்திரன். திடலோரம் மரத்தடியில் என்னை நிறுத்தினான். கையில் ஒரு புத்தகம் கொடுத்தான். தூரத்தைப் பார்க்கச் சொன்னான். தூரத்தில் குப்பை லாரி நின்றது.

“சிரிங்க டீச்சர். பல்லு தெரியாம. மனசுக்குள்ள சிரிங்க.”

“மனசுக்குள்ள சிரிச்சா யாருக்குடா தெரியும்?”

“கேமராவுக்குத் தெரியும் டீச்சர்.”

எடுத்த படங்களை அவன் திரையில் திருப்பிப் பார்க்கவே இல்லை. கையிலேயே தெரிந்துவிடுமாம். வீட்டுக்குப் போய்க் கைத்தொலைபேசியில் ஏதோ தேய்த்து, மறுநாள் ஒரு படம் கொண்டுவந்தான். அதில் இருந்த பெண் என்னைவிட முப்பது வயது இளையவள். அவளுக்கு நெற்றியில் ஒரு கோடு இல்லை. கன்னம் ரோஸ் நிறத்தில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்தே கறுப்பு.

அடுத்தது ஸ்ரீதரன். வீட்டுக் கூடத்துச் சுவரில் கோடும் கட்டமும் நிறைந்த ஒரு பெரிய சோதனைத் தாளை ஒட்டினார். அதன் பக்கத்தில் நிறச் சதுரங்கள் போட்ட அட்டை. அதன் பக்கத்தில் மேசையில் ஓர் அன்னாசி. சொரசொரப்பு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க அன்னாசிதான் உத்தமமாம். அன்னாசிக்குப் பக்கத்தில் நான். என் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தைத் தோளில் வைத்துப் பார்த்தார்.

“கொஞ்ச நேரந்தான் சுபா.”

அவருடைய கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாதா? இருந்தும் நம்பினேன். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ ஒரு பொத்தானை ஒரு படி மாற்றினார். மாற்றி, எடுத்து, கணினியில் என் கண்ணிமையைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி வந்தார். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அசைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அப்போது அடிப்பிடித்த வாசனை வந்தது.

துள்ளி எழுந்தேன். “பருப்பு தீயுது! நீங்க அன்னாசிக்கு ஃபோகஸ் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா!”

அவர் விரல் பொத்தானில் இருந்தது. பதறி அழுத்திவிட்டார்.

“வீணாப் போச்சு,” என்றார், என்னைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்து. “ஃபோகஸ் பூரா அன்னாசில போயிருச்சு. நீ ஆடிட்டே.”

பருப்பும் வீணாய்ப் போனது. அதை நான் குப்பையில் கொட்டினேன். அவர் அந்தப் படத்தைக் கொட்டவில்லை. ஆய்வுக்கூடத்துச் சட்டமாம்: தேறாத மாதிரியைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும், வாடிக்கையாளர் வந்து கேட்பார். எந்த வாடிக்கையாளர் என் கோப முகத்தைக் கேட்டு வரப்போகிறார் என்று நான் கேட்டேன்; அவர் படத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்த படம் உண்மையிலேயே துல்லியம். சேலை நூலை எண்ணலாம். நிறம் கொஞ்சமும் பிசகவில்லை. அதில் நானும் கொஞ்சமும் பிசகாமல் இருந்தேன், பிணவறையிலிருந்து அடையாளம் காட்ட எடுத்து வைத்தது மாதிரி.

இரண்டு படங்களும் மேசையில் கிடந்தன. ஆசிரியர்களிடம் கேட்டால் பயந்துகொண்டு இரண்டும் நன்றாக இருக்கிறது என்பார்கள். பெயர் வைக்கப் போகிறவர்களிடமே விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் இரண்டையும் கேன்டீன் பக்கத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். யார் எடுத்தது என்று எழுதவில்லை. பிறகு செல்லத்தின் சமையலறைக்குள் போய்ச் சன்னல் பக்கம் பதுங்கிக்கொண்டேன்.

“தலைமையாசிரியை ஒளிஞ்சு நிக்கறாங்க, யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க டீச்சர்?” என்றாள் செல்லம்.

“பேசாம மீயக் கிண்டு.”

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வந்து பலகை முன்னால் மொய்த்தார்கள். முதலில் தொண்ணூற்று மூன்று மார்க் படம்.

“ஏய், இங்க பாரு! டீச்சருக்கு மீச!”

“அலமாக், ஆமா லா! எங்க தாத்தாவோடத விட நல்லாருக்கு!”

‘மீச டீச்சர்’ என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மேல் உதட்டைத் தடவிப் பார்த்தேன். செல்லம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அடுத்து ரூபேந்திரனின் படம். அங்கே ஒரு குழப்பம்.

“இது யாரு?”

“புது டீச்சரா?”

“ஜவுளிக் கடை பொம்ம லா. அதே மாதிரி நிக்குது பாரு.”

“டீச்சரோட தங்கச்சியா இருக்கும்,” என்றாள் ரூபினி என்ற இரண்டாம் ஆண்டுப் பெண், பெருந்தன்மையோடு.

மீசை டீச்சர், பொம்மை டீச்சர். இரண்டில் ஒன்றாகக் காலம் பூராவும் கழிப்பறை வழியில் தொங்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிவசம்பு சாரின் வரிசையில் மீசையோடு!

முடிவைச் சொன்னதும் ஸ்ரீதரன் ஒப்புக்கொள்ளவில்லை. கேன்டீனில் வெளிச்சம் போதாது, பிள்ளைகள் தின்றுகொண்டே பார்த்தார்கள், சோதனை முறையே தவறு என்றார். ரூபேந்திரன், சின்னப் பிள்ளைகளுக்குக் கலை புரியாது என்றான். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மனோகரன் தீர்ப்புச் சொல்லட்டும் என்று இருவரும் கேட்டார்கள். மனோகரன் லாரி வைத்திருப்பவர், நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். பிரியாவிடை விழாவுக்கு ஒத்திகை நடந்த அன்று மண்டபத்துக்கு வந்தார்.

மண்டபத்தில் ஒரே கூச்சல். பிள்ளைகள் எனக்காக ஒரு நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் குறைவு, ஓடுகிறவர்கள் அதிகம். நாற்காலிகள் சரிந்தன. நான்காம் ஆண்டுச் செந்தூரன் மேடைக்கடியில் பந்து உதைத்தான். ரூபேந்திரன் ஒலிபெருக்கியில் “அமைதி, அமைதி” என்று கத்தினான். பூச்சி பறக்கும் சத்தத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக்கூட யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. நான் விழா நாயகி, கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றேன்.

ஸ்ரீதரன் கணினியைப் புரொஜெக்டரில் மாட்டி வெள்ளைச் சுவரில் படங்களைப் போட்டார். முதலில் என் கண்ணிமை. ஒவ்வொரு மயிரும் கயிறு மாதிரி. “பாருங்க மனோகரன், இந்த மாதிரி டீட்டெயில் எண்பத்தெட்டுல வராது.” அடுத்து என் காது. அடுத்து அன்னாசி. மனோகரன் ஒவ்வொன்றுக்கும் “நல்லாருக்கு சார்” என்றார். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்ரீதரனின் ஆய்வுக்கூடச் சட்டப்படி கடைசியில் தேறாத மாதிரிகளையும் காட்ட வேண்டுமே! காட்டினார்.

சுவர் முழுக்க நான். எழுந்து பாதி நின்ற நிலை. மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் நேராக மண்டபத்தை நோக்கி நீண்டிருக்கிறது. முகம் லேசாக மங்கல். பக்கத்தில் அன்னாசி மட்டும் பளிச்சென்று.

மண்டபம் சட்டென்று அடங்கியது.

ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யாரோ ஒரு நாற்காலியை மெதுவாக நிமிர்த்தினார்கள். நடனக்காரிகள் தாமாகவே வரிசையானார்கள். செந்தூரன் பந்தைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து, “நான் இல்ல டீச்சர்!” என்றான். நான் அவனுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் சுவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். மேடையில் ரூபேந்திரன் எழுந்து நின்று சட்டையைக் கால்சட்டைக்குள் திணித்தான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

“டீச்சர்,” என்றார் மனோகரன் மெல்ல, “இதுதான் நீங்க.”

“நான் இப்படியா இருக்கேன்?” என்று கேட்டேன். மனோகரன் அவசரமாக அன்னாசியைப் பார்த்தார்.

அன்றைக்கு முதன்முறையாக என் கணவரும் ரூபேந்திரனும் ஒத்துப்போனார்கள். இது மோசமான படம். ஃபோகஸ் தப்பு என்றார் ஒருவர். ஃபீல் தப்பு, பின்னால் கட்டம் போட்ட தாள், பக்கத்தில் பழம் என்றான் மற்றவன். ஆய்வுக்கூடமும் அனுபவமும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே படத்தை ஒழுங்காகத் திரும்ப எடுப்பது என்று முடிவு செய்தன. இரண்டு விளக்குகள் வைத்தார்கள். அன்னாசியை எடுத்துவிட்டார்கள்.

“இப்ப திட்டு சுபா. அதே மாதிரி. லைட்டு சரி பண்ணியாச்சு.”

எனக்குத் திட்ட வரவில்லை. யாராவது கேட்டுத் திட்டுவார்களா? வாயைத் திறந்தேன், விரலை நீட்டினேன். பேருந்தை நிறுத்துகிறவள் மாதிரி இருந்தது. “கோவம் உள்ளுக்குள்ள இருந்து வரணும் டீச்சர்,” என்றான் ரூபேந்திரன். “விரல் போன தடவைய விட தாழ்வா இருக்கு,” என்றார் ஸ்ரீதரன். அப்போது உண்மையிலேயே கோபம் வந்தது. இரண்டு பேரையும் பேரைச் சொல்லி, பழைய கணக்கு எல்லாம் எடுத்து, வெளுத்து வாங்கிவிட்டேன். அருமையாக வந்திருக்கும். ஆனால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றதில் ஒருவரும் பொத்தானை அழுத்தவில்லை.

ரூபேந்திரன் போனபின் அந்தப் படத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன், எத்தனை பேருக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், மழையில் எத்தனை பேரை என் காரில் தோட்டத்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதில் ஒன்றாவது மிஞ்சக் கூடாதா? விரல்தானா மிஞ்ச வேண்டும்? இருந்தாலும் மீசை என் மீசை அல்ல, கேமரா செய்த வேலை. பொம்மையும் நான் அல்ல. திட்டுகிறவள் என்ற பெயர் மட்டும் நான் நாள்தோறும் உழைத்துச் சம்பாதித்தது. தொங்குவதென்றால் சொந்தப் பெயரோடு தொங்கலாம் என்று தோன்றியது. மனோகரனைக் கூப்பிட்டு அந்தப் படத்தையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

சட்டம் போடும் கடைக்காரர் போன் செய்தார். “டீச்சர், ஓரமா ஒரு அன்னாசி இருக்கு. வெட்டிரவா?”

“அத வெட்டினா வெரலும் போயிரும். இருக்கட்டும்.”

பிரியாவிடை விழாவில் மாலை போட்டார்கள், அழுதார்கள், நான் அழவில்லை. படத்துக்கு ஆணி அடித்தபோது மட்டும் பார்க்கப் பிடிக்காமல் காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வருகிற பிள்ளைகள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? ‘கத்துற டீச்சர்’. ‘அன்னாசி டீச்சர்’. பத்து பாகாட் வரும் வரைக்கும் நானே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

வீட்டில் இருப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் கூடத்துக்குள் வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. ஸ்ரீதரன் கணினியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவர் இப்போது தொண்ணூற்று ஐந்து வாங்கிய ஒரு கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் தும்மினால் பக்கத்து வீட்டுப் பூனை திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான் எனக்கு மரியாதை. சபைக்கூடல் நேரம் வந்தால் கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒருநாள் சமையலறையில் நின்று “வரிசையா நில்லுங்க” என்று சொல்லிவிட்டேன்.

விளையாட்டுப் போட்டி நாளுக்குப் புதுத் தலைமையாசிரியர் வசந்தன் அழைப்பு அனுப்பினார். ஸ்ரீதரன் காரை நிறுத்தப் போனார். நான் யாருக்கும் சொல்லாமல் பின்வாசல் வழியாக நுழைந்து, நடைவழியின் கோடியில் தூண் மறைவில் நின்றேன். நான்காவது ஆணியில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன், அன்னாசியோடு.

மூலையிலிருந்து மூன்று சின்னப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். முதலாம் ஆண்டு. என்னை ஒருநாளும் பார்த்திராதவர்கள். நடுவில் வந்தவன் தலையைத் தூக்கினான். ஏதோ சொன்னான். மூவரும் சட்டென்று நடந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு, ஆவி டீச்சரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல். படத்தைத் தாண்டியதும் மறுபடி ஓட்டம். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. நேராகக் கேன்டீனுக்குப் போனேன்.

“செல்லம், மறைக்காம சொல்லு. எனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?”

செல்லம் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒங்களுக்குப் பேரு இல்ல டீச்சர்.”

“பொய் சொல்லாத. அங்க தொங்கற எல்லாருக்கும் பேரு இருக்கு.”

“நெசமா டீச்சர். மத்தவங்களுக்குத்தான் பேரு. அந்த மூலைல திரும்பறப்ப ஒங்க படத்தப் பாத்ததும், ‘ஏய், டீச்சர் வந்துட்டாங்க’ன்னுதான் சொல்லுதுங்க. புதுசா வந்ததுங்களும் அதையேதான் சொல்லுதுங்க. வேற பேரே இல்ல.”

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன், விழாவில் அழாததையும் சேர்த்து, பிள்ளைகள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல். வீட்டில் நான் வந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு நாளும் நான் வந்துகொண்டிருக்கிறேன். செல்லம் பால் விடாத தேநீர், தே ஓ, போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சீனி அதிகம். அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டு முழுவதையும் குடித்தேன்.